நொடிக்குப் பதினாறு முறை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பரணிலிருந்து காகிதக் கட்டு எதுவும் விழவில்லை. ஒரு மார்கழிக் காலையில் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். வலது பக்கம் ஜன்னலோரம். வெயில் முகத்தில் அடித்ததால் கண்ணை மூடிக்கொண்டேன். சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெயிலை மறைப்பதும் விடுவதுமாக ஓடின. மூடிய இமைக்குள் சிவப்பும் கறுப்பும் மாறி மாறித் துடித்தன. கொஞ்ச நேரத்தில் அந்தத் துடிப்பு கட்டம் கட்டமாக உருவெடுத்துச் சுழல ஆரம்பித்தது. வெளியே இல்லாத நிறமெல்லாம் அதில் இருந்தது. செக்கானூரணியில் பஸ் நின்றபோது அதுவும் நின்றது. எனக்குக் குமட்டியது.

பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்தோட ஏறினீகளாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். ஆனால் அவர் கையில் ஒரு காரணம் இருந்தது, என் கையில் ஒன்றும் இல்லை. இந்தக் கதை அந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்கியது.

2

வீட்டுக்கு வந்து தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. மூளைக்குள் எந்நேரமும் மின்னலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது நொடிக்கு ஏறக்குறையப் பத்து. கண்ணுக்கு முன்னால் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு அடித்தால், அது அடிக்கிற கணக்குக்கு மூளையும் தன் அலையை மாற்றிக்கொண்டு கூடவே போக ஆரம்பிக்கிறது. ஊர்வலத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் நடக்கிறவனின் கால் தானாகத் தாளத்தில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். பெரும்பாலோருக்கு அதோடு சரி. எங்கோ சிலருக்கு மட்டும் அந்த நடை ஓட்டமாகி, கட்டு மீறி, வலிப்பில் கொண்டுபோய் விடுகிறது. அவர்களையும் எல்லா வேகமும் தொந்தரவு செய்வதில்லை. பதினைந்திலிருந்து இருபதுக்குள்தான் ரொம்பப் பொல்லாதது.

பதினாறு என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டது. பேசாத படங்களின் காலத்தில் நொடிக்குப் பதினாறு படம் ஓட்டினார்கள்.

[இங்கே ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானியைக் கொண்டுவந்து இறக்க ஆசையாக இருந்தது. மூளையின் அலையைக் காகிதத்தில் கோடாகக் காட்டிய கட்டுரை ஜெர்மனியில் வெளியானது 1929இல். வெளிச்சத்தைக் காட்டி அந்த அலையை இழுத்தது இங்கிலாந்தில், 1934இல். என் கதையை 1931இல் வைக்கப்போகிறேன். வேண்டுமென்றேதான். என் பாத்திரங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு அந்த வருஷம் யாராலும் முழுப் பதில் சொல்லியிருக்க முடியாது.]

3

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"1931ஆம் ஆண்டு ஆனி மாதம், மதுரைக்குக் கிழக்கே தெப்பக்குளம் போகும் சாலையில் அமைந்திருந்த தகரக் கொட்டகையில் நடைபெற்ற—" பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

"மைதீன் பீவி விழுந்தபோது திரையில் ராஜகுமாரி சிரித்துக்கொண்டிருந்—" இது நான் சாமர்த்தியசாலி என்று உங்களுக்குக் காட்டிக்கொள்வதற்கான வாக்கியம். போதாததற்கு அந்த இடத்தில் ராஜகுமாரி சிரிக்கவுமில்லை.

மூன்றாவது பரவாயில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

4

அப்துல் லத்தீப் சுற்றிக்கொண்டிருந்தான்.

துளசிராம் நடத்திய தகரக் கொட்டகையில் அவன்தான் ஆபரேட்டர். முப்பத்திரண்டு வயது. அந்தக் கொட்டகை மெஷினுக்குக் கைதான் மோட்டார். நொடிக்கு இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு எட்டுப் படம். வேகமாகச் சுற்றினால் திரையில் மந்திரி எறும்பாக ஓடுவார். நிறுத்திவிட்டாலோ விளக்கின் சூட்டில் ஃபிலிம் கருகும். லத்தீபின் கை இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷமாகப் பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அவனுக்கு லேசான கர்வமும் உண்டு.

லென்ஸுக்கு முன்னால் ஒரு தட்டு சுழலும். ஷட்டர் என்பார்கள். மின்விசிறிக்கு இருப்பதுபோல அதற்கு மூன்று இறக்கை. ஒரு படம் நகர்ந்து அடுத்த படம் வந்து நிற்கும் வரை ஓர் இறக்கை வெளிச்சத்தை மறைக்கும். மற்ற இரண்டும் சும்மா குறுக்கே போய் வரும். சும்மா என்றுதான் லத்தீப் நினைத்தான். வெளிச்சம் நொடிக்குப் பதினாறு முறை மட்டும் வெட்டினால் கண் கண்டுபிடித்துவிடும். அதை நாற்பத்தெட்டாக ஆக்கிக் கண்ணை ஏமாற்றுவதுதான் அந்த இரண்டு இறக்கைகளின் வேலை.

சனிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி. அதில்தான் தொல்லை. கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை ஆயிரம். உச்சி வெயில் அத்தனை ஓட்டையிலும் இறங்கினால் திரை வெளுத்துப்போகும்.

"லத்தீப் பாய், ராஜகுமாரி எது, குதிரை எதுன்னு தெரியலையாம்" என்றார் துளசிராம். பட்டுநூல்காரத் தெருவிலிருந்து சினிமாத் தொழிலுக்கு வந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ். "பொம்பளைங்க கேட்டுல மலையம்மாளோட மல்லுக்கு நிக்கிறாங்க. ஏதாச்சும் பண்ணுங்க."

லத்தீப் பண்ணினான். மண்ணெண்ணெய் டின்னின் தகரத்தை வெட்டி, ஒரே ஓர் இறக்கை உள்ள தட்டு ஒன்று செய்தான். தள்ளாடாமல் சுழல எதிர்ப்பக்கம் ஈயத்துண்டு ஒன்றை ஒட்டினான். மறைப்பு குறைந்ததும் வெளிச்சம் அள்ளிக்கொண்டு வந்தது. படம் கொஞ்சம் படபடத்தது. கண் கூசுகிறது என்று சிலர் சொன்னார்கள். ஆனால் குதிரை குதிரையாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குத் தகரத் தட்டு, சாயங்காலத்துக்குப் பழைய தட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான். துளசிராம் வந்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

5

இரண்டாவது சனிக்கிழமை அவன் தங்கை மைதீன் பீவி விழுந்தாள்.

பத்தொன்பது வயது. அத்தாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனையும் தங்கையையும் வளர்த்தவள் மாமி அஜ்மல் பீவி. அவளுடைய மகன் சிஹாபுதீனுக்குத்தான் மைதீன் பீவி என்று முன்பே பேச்சு. அடுத்த பிறையில் நிக்காஹ்.

படத்தில் சிற்றப்பன் ராஜகுமாரியைக் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கிறான். சுண்ணாம்புச் சுவர், வெள்ளைச் சேலை, திரை முழுக்க ஒரே வெளுப்பு. அந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம். மைதீன் பீவியின் உடம்பு விறைத்துத் தரையில் கிடந்து உதறியது. பல் கிட்டி, வாயில் நுரை. வாசல் கேட்டைக் காக்கிற மலையம்மாள் ஓடிவந்து, கொட்டகைச் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். இரும்பு பட்டால் அடங்கும் என்பது வழக்கம். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. சாவி இல்லாமலும் அடங்கியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கு அது சாவியின் கணக்கில் சேர்ந்தது.

"கொமரிப்பிள்ளை, துப்பட்டிக்குள்ள தலையில பூவு, உச்சி வேளையில தெப்பக்கொளத்துக் கரையோட நடந்து வந்திருக்கா" என்று மலையம்மாள் காரணமும் சொன்னாள். "காத்துக் கருப்பு சும்மா விடுமா?"

அஜ்மல் பீவிக்கு அது ஜின். பெயரில்தான் இருவருக்கும் வேறுபாடு, நேரத்தில் இல்லை. உச்சிதான்.

[இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். சிரிக்க முடியவில்லை. மைதீன் பீவி அதே படத்தைச் சாயங்காலக் காட்சியில் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் ஒருநாளும் ஆனதில்லை. மத்தியானம் மட்டுமே ஆகிறது. அப்படியானால் காரணம் மத்தியானத்தில்தான் இருக்க வேண்டும். இதைவிட ஒழுங்காக நானும் யோசித்திருக்க மாட்டேன். நேரம்தான் காரணம் என்பது சரி. அந்த நேரம் சூரியனில் இல்லை, ஒரு நொடிக்குள் இருந்தது.]

6

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி கேட்டாள். "அன்னிக்கி சாப்பிடாமப் போயிட்டேண்ணே. இன்னொரு தடவ போயிட்டு வாரேன்." லத்தீப் சரி என்றான். அவன் சொன்னான் என்பதை இரண்டு முறை எழுதுகிறேன். அவன் சரி என்றான்.

ஆபரேட்டர் அறையின் ஓட்டை வழியாக அன்று ஓரமாக, பக்கவாட்டு முகம் தெரியும்படி உட்கார்ந்திருந்த தங்கையையே பார்த்துக்கொண்டு சுற்றினான். கோபுரக் காட்சி வந்தது. அவள் கன்னம் துடித்தது. பிறகு இமை. பிறகு விரல்கள். அந்தத் துடிப்பு அவனுக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. எங்கேயோ தெரிந்த தாளம் என்று யோசித்தவன், அது தன் காதுக்குப் பக்கத்தில் தகரத் தட்டு போடுகிற தாளம் என்று கண்டுகொண்டான்.

நிறுத்தினான். பத்து வருஷத்தில் முதல் தடவையாகப் படத்தின் நடுவில் நிறுத்தினான். திரையில் ராஜகுமாரியின் நெற்றியில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றி, விரிந்து, அவளைத் தின்றது. பெண்கள் கூச்சலிட்டார்கள். லத்தீப் விளக்கை மூடிவிட்டுப் படியில் பாய்ந்து இறங்கினான். அதற்குள் தங்கை தரையில் இருந்தாள்.

7

அஜ்மல் பீவியைக் கெட்டவளாக எழுதத் திட்டமிட்டிருந்தேன். கதைக்கு வசதி. அவளுக்கு ஒரு கடுகடுப்பான முகம் கொடுத்து, மருமகளை வேண்டாமென்று தள்ள ஒரு சாக்குத் தேடுகிறவளாக— இல்லை. எழுத எழுத அவள் அழுதுகொண்டே இருந்தாள். தாயத்து கட்டினாள். தண்ணீர் ஓதி வாங்கிவந்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. கடைசியில் தெற்கே ஒரு கிராமத்தில் ஓதிப் பார்க்கிற ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வியாழக்கிழமைக்கு வண்டி பேசிவிட்டாள்.

"நாப்பது நாள் அங்கனயே விட்டுட்டு வரணுமாம் லத்தீபு. கால்ல சங்கிலி போட்டுத்தான் வைப்பாராம். எனக்கு மட்டும் ஆசையா சொல்லு? என் வயித்துல பொறக்காத குறைதான்."

"நிக்காஹ் மாமி?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

அந்தப் 'பொறவு' என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சங்கிலியில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஊரில் வேறு பெயர் வந்துவிடும்.

"மாமி, அது ஜின்னு இல்ல. என் மெஷின்ல நான் வெட்டிப் போட்ட தட்டு."

அஜ்மல் பீவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த வெளிச்சம் கொட்டகையில இருந்த அம்புட்டுப் பேரு கண்ணுலயும்தான விழுந்துச்சு. ஏன் இவ ஒருத்தி மட்டும்?"

லத்தீபுக்கும் அது தெரியும். முதல் நாளே அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தானே பார்த்திருந்தான். கண்ணில் நீர் வழிந்தது, வேறொன்றும் ஆகவில்லை. இன்றைய தேதியில் அவளுக்குப் பதில் சொல்லச் சில பக்கங்கள் காட்டலாம். அவையும் கடைசியில் 'சிலருக்கு அப்படி' என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

8

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது மைதீன் பீவியின்மேல்.

இதுவரை அவள் செய்ததெல்லாம் விழுந்தது ஒன்றுதான். கதையில் ஒரு பெண்ணை இரண்டு முறை தள்ளிவிட்டு, ஆண் ஒருவன் காப்பாற்ற ஓடுகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. மறுபடி திறந்து, அண்ணனும் தங்கையும் தனியாக இருக்கிற மாதிரி ஒரு காட்சி வைத்தேன். செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகை முடிந்து லத்தீப் வீட்டுக்கு வருகிறான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். 'பயப்படாதே' என்று அவன் ஆறுதல் சொல்வதாக உத்தேசம். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, போன சனிக்கெழமை நான் கொட்டகைக்கு வந்திருந்தேன்."

"என்னது?"

"மலையம்மாக்கா உள்ள விட்டுச்சு. பின்னால, தூண் ஓரமா உக்காந்தேன். யாரும் அடையாளம் கண்டுக்கிடக் கூடாதுன்னு துப்பட்டிய மொகத்தோட இழுத்துப் போத்திக்கிட்டேன். ஒரு கண்ணுதான் வெளிய. கடைசி வரைக்கும் பாத்தேன். ஒண்ணும் வரலை."

தங்கை இனி வரமாட்டாள் என்ற தைரியத்தில் அன்றும் தகரத் தட்டைத்தான் மாட்டியிருந்தான் லத்தீப். "மத்தியானக் காட்சிதான?"

"அதே உச்சிதான். அதே தகரத் தட்டுதான. நடுவுல ஒரு தடவ துப்பட்டிய விலக்கிப் பாத்தேன். ரெண்டு கண்ணும் தொறந்ததும் கன்னம் துடிக்க ஆரம்பிச்சுச்சு. ஒடனே மூடிக்கிட்டேன். நின்னுருச்சு."

"அறிவிருக்கா ஒனக்கு? ரெண்டு தடவ விழுந்த எடத்துக்கு மூணாவது தடவ எதுக்குப் போன?"

மைதீன் பீவி அரிசியைத் தட்டில் ஒரு குலுக்குக் குலுக்கினாள். "முடிவு தெரிய வேணாமா? ரெண்டு தடவையும் அவளக் கோபுரத்துல அடைச்சதோட நான் விழுந்துட்டேன். வெளிய வந்தாளா இல்லையான்னு தெரியாம எப்பிடிண்ணே இருக்கிறது?"

அந்தப் படத்தை லத்தீப் முப்பது தடவைக்குமேல் ஓட்டியிருக்கிறான். இருந்தாலும் கேட்டான்.

"வந்தாளா?"

"வந்தா. சேலையக் கிழிச்சு முடி போட்டு, சுவத்தோட எறங்கி வந்தா. எம்புட்டு ஒசரம்!"

[ஒரு கண்ணை மூடினால் இந்த வலிப்பு பலருக்கு வராமல் நிற்கிறது. வெளிச்சத்தின் தாளம் இரண்டு கண் வழியாகவும் சேர்ந்து போனால்தான் அதற்கு முழு பலம் என்கிறார்கள். மருத்துவர்கள் பின்னாளில் கண்டுபிடித்த இதை மைதீன் பீவி வெட்கத்தில் கண்டுபிடித்தாள். இது என் திட்டத்தில் இல்லை. துப்பட்டி போடும் பெண் என்று ஐந்தாம் பகுதியிலேயே தீர்மானித்துவிட்டதால் தானாக வந்தது.]

9

மாமியின் கண்ணெதிரே சோதித்துக் காட்டத் துளசிராம் கொட்டகையைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"பாய், உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான். ஆனா படம் பாத்தா வலிப்பு வரும்னு வெளிய ஒரு வார்த்தை போச்சு, கொட்டகையில மாடுதான் கட்டணும். கதவச் சாத்திக்கிட்டுப் பாருங்க. என்னை இருக்கச் சொல்லாதீங்க."

அவர் பயந்துதான் சொன்னார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணி என்று லத்தீப் குறித்தான். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால். நேரத்தின்மேல் பழி போகக் கூடாது என்பது அவன் எண்ணம்.

"காலையில வர்ற ஜின்னும் இருக்கு" என்றாள் அஜ்மல் பீவி. ஆனால் வந்தாள்.

10

கொட்டகையில் நாலே பேர். முன்வரிசையில் மைதீன் பீவி. பக்கத்தில் மாமி. கதவோரம் சாவிக்கொத்தோடு மலையம்மாள். மேலே அறையில் லத்தீப். கோபுரக் காட்சி இருக்கிற ரீலை மட்டும் எடுத்து வைத்திருந்தான். கருகிய இடத்தை வெட்டி ஒட்டியிருந்தான்.

முதலில் பழைய தட்டு, மூன்று இறக்கை. ரீல் முழுக்க ஓடியது. மைதீன் பீவி இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

இரண்டாவது, தகரத் தட்டு. மைதீன் பீவி துப்பட்டியை இழுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். சுண்ணாம்புச் சுவர் வந்தது, வெளுப்பு படபடத்தது. அஜ்மல் பீவி திரையைப் பார்க்கவேயில்லை. மருமகளின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் அசையவில்லை. ரீல் முடிந்தது.

"இதுல என்ன தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள் அஜ்மல் பீவி. "இன்னிக்கி அது வரலை. அம்புட்டுத்தான?"

அவள் சொன்னது சரி. விழாமல் இருப்பது எதையும் நிரூபிக்கவில்லை.

லத்தீப் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி மாட்டினான். ஓட்டை வழியாகக் குனிந்து, "போதும் மாமி. வேணாம். இதோட விட்டுருவோம்" என்றான்.

மைதீன் பீவி திரும்பிப் பார்க்கவில்லை. மாமியிடம்தான் பேசினாள். "மாமி, அண்ணன் மறுபடி அதே தட்டப் போட்டு ஓட்டும். நடுவுல நான் துப்பட்டிய எடுத்துருவேன். அப்ப விழுந்தேன்னா, அந்தத் தட்டுதான் காரணம்னு ஒத்துக்கிடுவீகளா?"

"விழலைன்னா?"

"நாளைக்கி வண்டியில ஏறுறேன். அழ மாட்டேன்."

அஜ்மல் பீவி தன் தோளிலிருந்த துப்பட்டியை எடுத்து நாலாக மடித்து, மருமகளின் தலை விழக்கூடிய இடத்தைக் கணக்குப் பார்த்துத் தரையில் வைத்தாள்.

"சரி" என்றாள்.

"சுத்துங்கண்ணே" என்றாள் மைதீன் பீவி.

11

முடிவுகள். எழுதிப் பார்த்தவற்றை ஒளிக்காமல் வைக்கிறேன்.

விழுகிறாள். மாமி ஒத்துக்கொள்கிறாள். அடுத்த பிறையில் நிக்காஹ், பிரியாணி. இதற்கு 'நல்ல முடிவு' என்று நானே பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். மறுநாள் படித்தபோது அந்தக் குறிப்புதான் உறுத்தியது. ஒரு பெண் பல் கிட்டி நுரை தள்ளித் தரையில் அடித்துக்கொள்வதை நல்ல முடிவு என்று எழுதியிருக்கிறேன். அந்த வலிப்பு எத்தனை நிமிஷத்தில் நிற்கும் என்றும், நின்றே தீரும் என்றும் எனக்கு யார் சொன்னது?

விழவில்லை. இதுவும் நடக்கும். உடம்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நேற்றிரவு நன்றாகத் தூங்கியிருந்தால் இன்று வராமலே போகலாம். அப்படியானால் நாளைக்கு வண்டி, சங்கிலி, நாற்பது நாள். நல்ல தூக்கத்தால் கெட்டுப்போன வாழ்க்கை என்று ஒரு வரி எழுதி, எனக்கே பிடிக்காமல்—

மாமி விழுகிறாள். இதை அரைப் பக்கம் எழுதி, நானே சத்தம் போட்டுச் சிரித்தேன். 'ஏன் இவ ஒருத்தி மட்டும்' என்று கேட்டவளுக்கு அதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. ஆனால் தரையில் மடித்து வைத்த அந்தத் துப்பட்டி குறுக்கே வந்துவிட்டது. அதை வைத்தவளை எனக்குச் சௌகரியம் என்பதற்காகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

விழுந்த மாதிரி நடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சாமர்த்தியம் மைதீன் பீவிக்கு உண்டு. இரண்டு நாள் நானும் அந்த வழியில் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு சிக்கல். கொட்டகையே பார்த்த அந்த விழுகையை அவள் மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எப்படி விழுவாள் என்று அவளுக்குத் தெரியாது.

12

ஆகவே கதை இங்கே நிற்கிறது. சரியாகச் சொன்னால் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. தகரத் தட்டு சுழல்கிறது. ராஜகுமாரியைக் கோபுரத்தில் அடைத்தாகிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் திரையை நிறைத்து, நொடிக்குப் பதினாறு முறை இமைக்கிறது. மைதீன் பீவியின் வலது கண் திறந்திருக்கிறது. இடது கண்மேல் துப்பட்டி, துப்பட்டிமேல் அவள் கை.

முடிவு தெரியாமல் இருக்க முடியாது என்று மூன்றாவது தடவையும் கொட்டகைக்குப் போனவள் அவள். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு இந்தக் கதையின் முடிவு வேண்டுமானால் அவள் கையை இறக்க வேண்டும். கை இறங்காதவரை அவள் விழ மாட்டாள், வண்டியிலும் ஏற மாட்டாள். நான் அவள் கையைத் தொடப்போவதில்லை. தொடுவதாக இருந்தால் நீங்கள் தொட்டுக்கொள்ளுங்கள்.

மேலே லத்தீப் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவனால் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கருகிவிடும். ரீலில் இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது.